சாமை அரிசியில் வந்த காது மெஷின்

அட்டப்பாடிச் சொந்தங்களுக்கும் கோவையில் ஓடிவந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பாவை நேற்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அரை டம்ளர் கஞ்சி குடித்தார், உப்பு பத்தவில்லை என்று முகம் சுளித்தார். எங்களுக்கு அது போதும். மலையில் அப்பாவுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று ராத்திரி நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, கேரளத்து அட்டப்பாடி மலையில் நாங்கள் முன்பு பலரோடு சேர்ந்து வாழ்ந்த குடிலின் அடுக்களையில் வேலை பார்க்கும் தம்பிக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான், சரி.

காது மெஷின் இல்லாவிட்டால் அப்பாவுக்கு இடி இடித்தாலும் கேட்காது. அன்றைய களேபரத்தில் அது எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? ஐசியூவில் கண் விழித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. கேட்பது எதுவும் புரியாமல் மிரண்டு மிரண்டு பார்த்தார், கையைத் தொட்டால் உதறினார். நினைவு தடுமாறுகிறதோ என்று டாக்டருக்கே சந்தேகம்.

அப்போதுதான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து சேர்ந்தது. முக்கால் பாகம் சாமை அரிசி, அதற்குள் புதைத்து வைத்த மெஷின். பேட்டரியைத் தனியாகக் கழற்றி, காலண்டர் தாளில் மடித்து, மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தான். கூடவே ஒரு சீட்டு. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பையன், அதனால் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘அப்பாவோட காது மெஷின். சாமை ஈரத்த இழுத்துக்கும். ஒரு நாள் கழிச்சுப் போடுங்க.’

மத்தியானம் சோறு பரிமாறும்போது அப்பா அதைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்திருக்கிறான். தூக்கிக்கொண்டு போகும்போது காதில் அது இல்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, அவனுக்கு உறைத்திருக்கிறது. விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அந்தச் சரிவில், புல்லை விலக்கி விலக்கிச் சேற்றிலிருந்து எடுத்திருக்கிறான். அப்புறம் கூளிக்கடவில் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, ஆனைகட்டியில் ஒரு டீக்கடைக்காரர் வாங்கி வைத்து, கோவை வந்த ஒரு வேன்காரர் மூலமாக ஆஸ்பத்திரி வாசல் வரை. யாரும் ஒரு பைசா வாங்கவில்லை.

புது பேட்டரி போட்டதும் ‘கீ’ என்று ஒரு சத்தம். அப்பா கேட்ட முதல் கேள்வி, “ஏன் எல்லாரும் இப்படிக் கத்துறீங்க?”

இத்தனைக்கும் அந்தத் தம்பி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டோம். பக்கத்திலிருக்கும் அமைதிப் பள்ளத்தாக்கில் (சைலன்ட் வேலி) அணை வேண்டாம் என்றாகி, 1984இல் அது தேசியப் பூங்காவான சமயம் நான் குடிலில் சிறு பெண். மேற்கே முக்காலிப் பக்கம் அடர்காடு, மழை மறைவில் கிடந்த எங்கள் கிழக்குச் சரிவோ மொட்டை. பெரியவர்கள் குழி வெட்டிக் கன்று நட்டார்கள், குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். காலையில் மணி அடிக்கும்வரை மௌனம். அப்பாவுக்கு அது அமிர்தம், எனக்கு வதை. ஆனால் அந்த மௌனத்தில் குருவி கேட்கும், பவானி கேட்கும், அடுக்களையில் ராகிக் களி கிண்டும் துடுப்பு கேட்கும். ஐசியூவில் அப்பா இருந்தது அந்த மௌனம் இல்லை. அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

ஜீப் ஓட்டிய சேட்டன், முறிந்து விழுந்த மரத்தை வெட்டி வழி விட்டவர்கள், கூடவே நடந்து வந்த ஊர் மூப்பன், முதலுதவி செய்த சிஸ்டர்கள், ரத்தம் கொடுத்த பிள்ளைகள், தினமும் பிளாஸ்கில் ரசம் அனுப்பும் பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாரையாவது விட்டிருந்தால் உரிமையோடு சண்டைக்கு வாருங்கள்.

மழை ஓய்ந்து தை பிறக்கட்டும். காது பரிசோதிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு மலைக்கு வருகிறேன். குடிலைச் சுற்றியுள்ள ஊர்களில் பக்கத்தில் போய்க் கத்தினால்தான் திரும்பும் பாட்டிகளை அன்றே பார்த்தேன். அவர்களுக்கு மெஷின் வாங்கித் தருவது என் பொறுப்பு.

தம்பி, பாட்டிலை வெறுமனே திருப்பித் தர மாட்டேன், கவலைப்படாதே. ஆட்டுக்கொம்பு அவரை விதை கொஞ்சம் எடுத்து வை, அப்பா கேட்கிறார். அதற்கு 2022இல் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்துவிட்டது என்றேன். “அது கிடைக்காதப்பவே தின்னவன் நான்” என்கிறார்.