பாப்-அப் கண்காட்சிக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்த பிராண்டின் பாப்-அப் கண்காட்சிக்கு, அதாவது விளம்பரத்துக்காகச் சில வாரம் மட்டும் போடுகிற கலைக் கண்காட்சிக்கு, பதிவு செய்யப்போகிறேன் என்று சொன்னாய். நுழைவு இலவசம்தான். ஆனால் உன் ஃபோன் நம்பரும் நீ சோஷியல் மீடியாவில் போடப்போகிற படங்களும்தான் அவர்களுக்குக் கட்டணம். பதிவுப் படிவத்தில் முன்கூட்டியே டிக் அடித்த கட்டம் இருக்கிறதா என்று பார். விளம்பரச் செய்தி அனுப்பக் கேட்கும் ஒப்புதலை எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் ஸ்லாட், அதாவது உள்ளே போகும் நேரம், கிடைத்துவிடும். வாசலில் "உள்ளே படப்பிடிப்பு நடக்கிறது" என்று பலகை வைத்திருப்பார்கள். உன் முகம் அதில் வர வேண்டாமென்றால் அங்கே நிற்கிற ஊழியரிடமே சொல்லிவிடு, உள்ளே போனபின் சொல்லிப் பயனில்லை.

திறந்த முதல் இரண்டு நாள் போகாதே. சென்சாரும் புகை மெஷினும் கூட்டம் ஏறிய பிறகுதான் தங்கள் கோளாறைக் காட்டும். கடைசி வாரமும் வேண்டாம், வெள்ளைத் தரை பழுப்பாகி, கைபடும் உயரம் முழுக்கக் கறையாகியிருக்கும். நடுவில் ஒரு வேலை நாளில் காலை முதல் ஸ்லாட்டை எடு. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தாமதமாக வருகிறவர்கள் அடுத்ததில் சேர்ந்துகொள்வதால், மாலை ஸ்லாட்டுக்குள் நெரிசல் ஏறிவிடும். கிளம்பும் முன், கண்காட்சி இன்னும் நடக்கிறதா என்று அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள். கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்த, ஷனேல் என்ற ஃபேஷன் நிறுவனத்தின் நடமாடும் கலைக்கூடம் 2008-இல் ஹாங்காங், டோக்கியோ, நியூயார்க் வரை போனது. லண்டனும் மாஸ்கோவும் பாரிஸும் பாக்கி இருக்கும்போதே, பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். காசு போடுகிறவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் மூடலாம்.

அதற்காக இதெல்லாம் வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. 2017-இல் மிலானில் காஸ் (COS) என்ற ஆடை நிறுவனத்துக்காக ஸ்டுடியோ ஸ்வைன் என்ற வடிவமைப்புக் குழு ஒரு வெள்ளை உலோக மரம் செய்தது. அதன் கிளை நுனிகளிலிருந்து மூடுபனி நிரம்பிய குமிழிகள் உதிரும். தோலில் பட்டால் உடனே உடைந்துவிடும், சொரசொரப்பான துணியில் பட்டால் சில நொடி நிற்கும். பார்வையாளர்களுக்குக் கையுறை கொடுத்தது இதற்குத்தான். துணி விற்கிறவர் காசில் துணியின் குணத்தையே காட்டிய வேலை அது. எங்கேயும் லோகோ தேவைப்படவில்லை. நீ பார்க்கப்போவதை நான் இந்த அளவுகோலில்தான் அளப்பேன். லோகோவை எடுத்துவிட்டால் மீதி நிற்குமா?

உடை விஷயம் சின்னதல்ல. தரையில் கண்ணாடி போட்டிருந்தால் பாவாடை, கவுன் ஆகாது. பேன்ட் போட்டுக்கொள். ஹீல்ஸும் வேண்டாம், அக்ரிலிக் தரையில் கீறல் விழும் என்று வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள், அதனால் ஓட்டையில்லாத சாக்ஸ். சென்சார் வைத்த படைப்பு என்றால் கறுப்பும் பளபளப்பும் தவிர். 2012-இல் லண்டன் பார்பிகன் கலை மையத்தில் ராண்டம் இன்டர்நேஷனல் என்ற கலைக் குழு வைத்த 'ரெயின் ரூம்' கேமராக்களால் ஆளைக் கண்டுபிடித்து, தலைக்கு மேல் மட்டும் மழையை நிறுத்தும். அடர்நிறத் துணி கேமராவுக்குச் சரியாகத் தெரியாது, வேகமாக நடந்தால் அதனால் பின்தொடர முடியாது. இரண்டிலும் நனைய வேண்டியதுதான். பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் போட்டுக்கொள். 2017-இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில், ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறையில் ஒருவர் கால் தடுமாறி, அங்கே வைத்திருந்த பூசணிச் சிற்பம் ஒன்றை உடைத்தார். அந்த அறையைச் சில நாள் மூடினார்கள்.

உள்ளே போனதும் ஃபோனை எடுக்காமல் ஒரு சுற்று வா. நீ முதலில் பார்க்க வேண்டியது மேலே. எதுவும் தொங்கினால், பாரம் தாங்குகிற கம்பியோடு, கொஞ்சம் தளர்வாக இன்னொரு கம்பி வேறொரு புள்ளியிலிருந்து வரும். முதலாவது அறுந்தால் பிடிக்கிற பாதுகாப்புக் கம்பி அது. காற்றடைத்த பெரிய உருவமாக இருந்தால் காதைக் கொடு. தையல் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் காற்று ஊதும் ப்ளோவர் நிற்காமல் ஓடும். அந்த ரீங்காரம் நின்றால் யாரும் சொல்லக் காத்திராமல் வெளியே வந்துவிடு. 'பிரம்மாண்டமான கண்ணாடி' என்கிறார்களே, அதில் பாதி கண்ணாடியே அல்ல, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் ஃபிலிம். எடை குறைவு, விழுந்தாலும் சிதறாது. ஆனால் விரல் எண்ணெய் பட்டால் துடைக்கும்போதே கீறிவிடும், ஒரு இடத்தில் அமுங்கினால் எதிரே நிற்கிறவரின் முகமே கோணும். தொடாதே என்று அவர்கள் கத்துவது அதனால்தான்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் உன் ஃபோனில் கோளாறில்லை. எல்.இ.டி. விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது. ஃபோன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/60-க்கு இறக்கு, பெரும்பாலும் சரியாகும். எல்லாமே மஞ்சளாகத் தெரிகிற அறையில் நிறம் திருத்தப் பாடுபடாதே. 2003-இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் கலைஞர் ஓலஃபர் எலியாசன் வைத்த செயற்கைச் சூரியன் அப்படித்தான். அந்த விளக்குகளில் இருப்பது ஒரே அலைநீளம். வேறு நிறம் அங்கே இல்லவே இல்லை, எந்த ஃபில்டரும் கொண்டுவராது.

உனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு எந்த அறையில் என்று டிக்கெட் ஸ்கேன் செய்கிறவரிடமே கேட்டுவிடு, அதைத் தாண்டிப்போகக் குறுக்குவழி காட்டுவார்கள்.

வெளியேறும் வழி கடைக்குள்தான் விடும். சோஷியல் மீடியாவில் படம் போட்டால் தருகிற இலவசப் பைக்காக இன்னொரு வரிசையில் நிற்காதே. அந்த நேரத்தில் சுவரிலிருக்கும் குறிப்பில் கட்டியவர்கள் பெயர் போட்டிருக்கிறார்களா என்று தேடு. இருந்தால் எனக்குப் படம் பிடித்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா