அண்ணாவுக்கு, ரூட்டர் விஷயமாக

அண்ணா,

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் ரூட்டரை இயக்கும் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளின் 19.07 பதிப்பை நீக்கிவிட்டு 24.10 பதிப்பை ஏற்றப்போகிறேன். உங்கள் அமைப்புகளில் ஒன்றும் அதற்குப் பிறகு மிஞ்சாது. முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை என்று அழைத்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே நீங்கள் கண்டிப்பாகப் படிப்பீர்கள் என்று தெரிந்த இந்த இடத்தில், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதையும் தெரிந்தே எழுதுகிறேன். நீங்கள் போன காரணத்தைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்; உறவினர்களுக்கோ அவரவர் விருப்பப்படி தெரியும்.

அமைப்புகளை வைத்துக்கொண்டே மேம்படுத்தத்தான் முதலில் முயன்றேன். ரூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பித் துளைகளைக் கையாளும் பழைய ஸ்விட்ச் முறையில் எழுதிய அமைப்பைப் புதிய டிஎஸ்ஏ முறைக்கு மாற்ற இயலாது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று சொல்லி நின்றுவிட்டது. நம்முடையதில் இருக்கும் மீடியாடெக் சில்லுக்கு 21.02 பதிப்பிலேயே அந்த மாற்றம் வந்துவிட்டதால், நீங்கள் அத்தனை பொறுமையாகப் பிரித்து வைத்த விலான்கள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் தனித்தனி வலையமைப்புகள், புதிய பதிப்பில் அப்படியே செல்லுபடியாகாது. 19.07க்கோ 2022க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை. திருத்தம் நின்றுபோன மென்பொருளை இணையத்தின் வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான் என்பதால், இதற்கு நீங்கள் மறுப்புச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஆனாலும் இத்தனை காலம் ஏன் தள்ளிப்போட்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் போன மறு ஆண்டு ஓர் இரவு மின்சாரம் போய், ரூட்டருக்குப் பின்னால் நீங்கள் வைத்த மின்கலமும் தீர்ந்து, வெகுநேரம் கழித்து எல்லாம் திரும்ப வந்தது. விளக்குகள் அனைத்தும் ஒழுங்காக எரிந்தன. கைபேசிகள் வைஃபையில் சேர்ந்துகொண்டன, ஆனால் எல்லாவற்றிலும் இணையம் இல்லை என்ற குறி. மடிக்கணினியிலிருந்து கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங், அதாவது இருக்கிறாயா என்ற சோதனைக் கேள்வி, அனுப்பினால் பதில் உடனே வருகிறது. எந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்தாலும் திறக்கவில்லை. பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது என்று முடிவு செய்து, மடிக்கணினியின் டிஎன்எஸ் முகவரியை நானே 8.8.8.8 என்று மாற்றினேன். அப்போதும் திறக்கவில்லை. பிங்குக்குப் பதில் சொல்லும் அதே முகவரி பெயரைக் கேட்டால் மட்டும் ஊமையாகிவிடுகிறது என்றால், பழுது கம்பிக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, இணைப்பு தருபவர்களின் உதவி எண்ணில் காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் சும்மா இராமல் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியே ரூட்டருக்குள் போய், போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலுக்கு நீங்கள் தனியாக எழுதிய கோப்பைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு ஐபிடேபிள்ஸ் விதி இருந்தது: வீட்டுக்குள்ளிருந்து, டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53ஆம் போர்ட்டுக்கு எவர் எங்கே கேள்வி அனுப்பினாலும், அதைப் பிடித்து ரூட்டரிடமே திருப்பிவிட வேண்டும். நான் 8.8.8.8இடம் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்த கேள்விகள் வீட்டைத் தாண்டவே இல்லை. விதிக்கு மேலே உங்கள் குறிப்பு: "தொடாதே. காரணம் உண்டு." இந்த ரூட்டர் முழுவதிலும் நீங்கள் எழுதி வைத்த ஒரே விளக்கம் அதுதான் அண்ணா. காரணம் என்ன என்பது அதில் இல்லை.

பிறகு ரூட்டரின் பதிவேட்டைப் பார்த்தேன். முதல் வரியின் தேதி 2021 மார்ச் 14, ஞாயிறு, இரவு 11:42.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். அண்ணா, நீங்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இத்தகைய ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் மின்சாரம் போனபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. எழுந்தவுடன் ஓபன்டபிள்யூஆர்டி செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் கடைசியாக மாற்றப்பட்ட கோப்பு எதுவென்று தேடி, அதன் நேரத்தையே இப்போதைய நேரமாக எடுத்துக்கொள்வது. சரியான நேரத்தை அதன் பிறகு இணையத்தில் இருக்கும் என்டிபி வழங்கிகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வழங்கிகள் பெயரால்தான் குறிக்கப்பட்டிருந்தன. பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். நம் வீட்டு டிஎன்எஸ் ஸ்டப்பி என்ற நிரல் வழியாக, மறைகுறியிட்டு, 853ஆம் போர்ட்டில், எதிர்முனை யாரென்று காட்டும், காலக்கெடு உள்ள சான்றிதழைச் சரிபார்த்த பிறகே பேசும். சான்றிதழைச் சரிபார்க்கச் சரியான நேரம் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டதைப் போன்ற நிலை. இது ஏன் அதுவரை வெளிப்படவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பர் முதல் வழங்கப்பட்ட சான்றிதழ்களை 398 நாட்களுக்கு மேல் ஆயுள் இருந்தால் உலாவிகள் அப்போது ஏற்கவில்லை என்பதால், அவை அடிக்கடி புதுப்பிக்கப்பட்டன. நீங்கள் போன புதிதில் ரூட்டர் நின்று எழுந்தபோது, அது நம்பிய மார்ச் 14 அன்றைய சான்றிதழின் ஆயுளுக்குள் அடங்கியிருந்தது. சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட பிறகு, ரூட்டரின் கணக்கில் அது இன்னும் தொடங்கவே இல்லை.

எந்தக் கோப்பு அந்த நேரத்தைக் கொடுத்தது என்று தேடினேன். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி கோப்பு. அதன் கடைசியில் சேர்க்கப்பட்டிருந்தது அம்மாவின் டேப்லெட்டுக்கு ஒரு நிலையான முகவரி. மறுநாள் காலை நீங்கள் புறப்பட்டீர்கள். அன்றிரவு நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஏதோ அலுவலக வேலை என்று நினைத்துத் தூங்கப் போனேன். வீட்டில் எவரிடமும் சொல்லாத ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவின் டேப்லெட் எந்த முகவரியில் இருக்க வேண்டும் என்பதில் அத்தனை கவனமாக இருந்திருக்கிறீர்கள். அது அன்பு என்றுதான் அன்று தோன்றியது. இப்போது யோசித்தால், அந்த நேரத்தில் எழுந்து வந்து என் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

தேதியைக் கையால் சரியாகப் போட்டு ஸ்டப்பியை மறுபடி துவக்கியதும் எல்லாம் ஓடியது. நிரந்தரமாகச் சரிசெய்வது அதைவிடப் பெரிய வேலையில்லை. என்டிபி வழங்கியின் பெயருக்கு மட்டும் ஸ்டப்பியைத் தவிர்த்து நேரடி டிஎன்எஸ்ஸிடம் போகும்படி, ரூட்டரின் டிஎன்எஸ் நிரலான டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒரு வரி சேர்த்தால் போதும். நான் சேர்க்கவில்லை. ஒரு வரியைச் சேமித்தாலும் கோப்பின் நேரம் மாறிவிடும். அடுத்த முறை எழும்போது ரூட்டர் உங்கள் இரவில் எழாது. இது அறிவுக்குப் பொருந்தாதது என்று எனக்குத் தெரியும், விவாதிக்க வேண்டாம். அதன் பிறகு ரூட்டர் மொத்தமாக நின்று எழும் ஒவ்வொரு முறையும் நானே உள்ளே போய்த் தேதியைப் போடுவேன். இணைப்பின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் எஸ்க்யூஎம்மையும் அப்போதே நிறுத்திவிடுவேன். வீட்டு இணைப்பு 40 எம்பிபிஎஸ் இருந்த காலத்தில் நீங்கள் அதில் 36 என்று எழுதியது சரிதான், ஆனால் இணைப்பு 100 ஆன பிறகும் அது 36ஐத் தாண்ட விடவில்லை. கோப்பில் கைவைக்காமல் ஓட்டத்தில் நிறுத்த முடிந்தது என்பதால் அதை மட்டும் செய்தேன்.

ஒருநாள் நான் அப்படித் தேதியைப் போட்டு இணைப்பைத் திருப்பிக் கொண்டுவந்ததும், அம்மா டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே, "அவன் இருந்திருந்தா இதெல்லாம் நிக்கவே நிக்காது" என்று சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்: நிற்பதற்குக் காரணமே அவன்தான், அம்மா.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை விஷயமும் அப்படித்தான். 100ஆம் சேனலில் அக்கம்பக்கத்தார் ஒருவரும் இல்லை, காலியாகக் கிடக்கிறது என்று பெருமையாகச் சொல்லி அதில் வைத்தீர்கள். காலியாகக் கிடப்பதற்குக் காரணம், அது ராடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அலைவரிசை. அங்கே ஒலிபரப்பத் தொடங்குமுன் ரூட்டர் 60 வினாடி பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ராடார் என்று சந்தேகம் வந்தால் உடனே விலக வேண்டும். 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. அம்மா உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த ஒரு மாலையில், அழைப்பின் நடுவே நம் வைஃபையின் பெயரே பட்டியலிலிருந்து மறைந்துபோனது. பதிவேட்டில் ராடார் கண்டறியப்பட்டது என்ற வரி இருந்தது. நீங்கள் அழைப்பைத் துண்டித்துவிட்டதாகவே அம்மா இன்றும் நம்புகிறார். நான் விளக்கிப் பார்த்தேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதைப் பொதுவில் எழுத முடியாது. புதிய அமைப்பில் 36ஆம் சேனல். கூட்டம் இருக்கட்டும், பரவாயில்லை.

லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் கதையை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! அதற்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் உரிமத்தைக் காட்டிக் கேட்டதால் 2003இல் மூலநிரல் வெளியானது, அதிலிருந்து 2004இல் இந்த ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது, கருவியை வைத்திருப்பவருக்கு அதைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டு என்று கண்கள் மின்னச் சொல்வீர்கள். நானும் அதை நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனால் நம் வீட்டுக்கு நீங்கள் கொடுத்தது என்ன? மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கும் ஒரு பெட்டி. அதற்குள் வீட்டில் எவர் யாரிடம் எதைக் கேட்டாலும் உங்கள் வழியாகவே போய்வர வேண்டும் என்று ஒரு விதி. அதன் தலையில் "தொடாதே". பிறகு நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள்.

இப்படிக் கடுமையாக எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் உழைப்பைக் கேட்காமல் அழிப்பதற்கும் மன்னித்துவிடுங்கள், அதே நேரத்தில் கேட்பதற்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று வாசலில் நான் சொன்னதற்கும் சேர்த்தே கேட்கிறேன். அதில் பாதி கோபத்தில் வந்தது. மீதிப் பாதியை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். எது எந்தப் பாதி என்பது உங்களுக்குத் தெரியும்.

அழிக்குமுன் முழு அமைப்பையும் காப்பு எடுத்துவிட்டேன். டார் என்ற தொகுப்புக் கோப்பு என்பதால் ஒவ்வொரு கோப்பின் தேதியும் நேரமும் அதில் அப்படியே இருக்கின்றன. அம்மாவின் டேப்லெட்டுக்கு அதே முகவரியைத்தான் புதிய பதிப்பிலும் கொடுக்கிறேன். ஃபயர்வால் விதியை மட்டும் கொண்டுபோகவில்லை. 22.03 முதல் ஐபிடேபிள்ஸுக்குப் பதில் என்எஃப்டேபிள்ஸ் வந்துவிட்டதால் அந்த வரி எப்படியும் அங்கே வேலை செய்யாது. செய்திருந்தாலும் கொண்டுபோயிருக்க மாட்டேன். என்டிபி விஷயத்தைச் சரியாகவே அமைக்கிறேன். எதை ஏன் செய்தேன் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டிவைக்கிறேன், நான் இல்லாத அன்று தங்கை படித்துப் புரிந்துகொள்ளும்படி.

வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றவில்லை. வீட்டில் யாரும் எதையும் மறுபடி தட்ட வேண்டியதில்லை, உங்கள் கைபேசி உட்பட. ரூட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் ரூட் கடவுச்சொல் வேறு. அது வேண்டுமென்றால் நீங்கள் என்னிடம்தான் கேட்க வேண்டும். அந்தத் தாளில் அதை எழுதவில்லை, தங்கையிடம் கேட்டால் அவளும் சொல்ல மாட்டாள்.

தம்பி