தம்பிக்கு, உன் நாய்க்குட்டியின் திருட்டு முழியைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் முறை கடைசி வரியில் மனம் தட்டி நின்றுவிட்டது. "இதை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன் அக்கா" என்று எழுதியிருக்கிறாய். நான்கு மாதக் குட்டி அது. உன் வீட்டுக்கு வந்து முழுதாக ஐந்து வாரம்கூட ஆகவில்லை. இதே யோசனையில் இருப்பவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால், எல்லோரும் படிக்கும்படியாகவே பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ அடுக்கிய குற்றங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். செருப்பைக் கடித்துவிட்டது, தலையணையைக் கிழித்துவிட்டது, இரவு பத்து மணிக்குப் பேய் பிடித்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடுகிறது, பந்தை வீசினால் தேடத் தெரியாத மக்காக இருக்கிறது. இவற்றையெல்லாம்விட உனக்கு ஆத்திரமூட்டியது வேறொன்று: "தப்புச் செய்துவிட்டுக் காதை மடக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து திருட்டு முழி முழிக்கிறது. தெரிந்தே செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

அந்தச் சாட்சியை முதலில் விசாரிப்போம்.

அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து, 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் சில நாய்கள் தின்றன, சில தொடவே இல்லை. திரும்பி வந்தவரிடம் ஆய்வாளர் நடந்ததை எப்போதும் உள்ளபடி சொல்லவில்லை. அதனால் தொடாத நாயும் சில முறை திட்டு வாங்கியது, தின்ற நாய்க்குச் சில முறை கொஞ்சல் கிடைத்தது. கடைசியில் பார்த்தால், அந்தத் திருட்டு முழிக்கும், நாய் செய்த தப்புக்கும் தொடர்பே இல்லை. திட்டியபோது அந்த முழி வந்தது. அதிலும், ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது மிகுதியாகத் தெரிந்தது.

புரிகிறதா? உன் குட்டி படிப்பது உன் முகத்தை. நீ கதவைத் திறந்து, கிழிந்த தலையணையைப் பார்த்து, மூச்சை இழுத்து நிறுத்துகிறாயே, அந்தக் கணத்திலேயே அது பயந்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் கிழித்த தலையணைக்கும் உன் இந்தக் குரலுக்கும் முடிச்சுப் போட அதற்குத் தெரியாது. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்துப் போயிற்று, தம்பி. எங்கள் நாய் மணியை அவன் குட்டியாக இருந்தபோது எத்தனை முறை அந்த முழியை முழிக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

இனி செருப்பு. நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. அவை விழுந்து 42 பற்கள் முளைக்க வேண்டும். ஏறக்குறைய மூன்றாம் மாத முடிவிலிருந்து ஆறு, ஏழு மாதம் வரை இந்த வேலை நடக்கும். ஈறு தினவெடுக்கும்போது எதையாவது கடித்தே ஆக வேண்டும். உன் வாசனை ஊறிய, கடிக்க வாகான செருப்பைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? செருப்பை உயரத்தில் வை. கடிப்பதற்கென்று விற்கும் ரப்பர் பொம்மை இரண்டைத் தரையில் போடு. ஒரு நாள் குட்டியின் வாயைத் திறந்து பார், அரிசி போன்ற பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும்.

பந்து விஷயத்தில் மக்கு என்று சொன்னாயே, அதற்கு மட்டும் நான் உன்னோடு சண்டை போடுவேன். நீ வீசுவது சிவப்புப் பந்து. விழுவது புல்லில். நாயின் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்பணுக்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். உனக்குப் பளிச்சென்று தெரியும் பந்து அதற்குப் புல்லோடு புல்லாகக் கரைந்துவிடுகிறது. அப்படியும் மூக்கைத் தரையில் வைத்துத் தேடிக்கொண்டே இருக்கிறதே, அந்த விடாமுயற்சியைப் பாராட்ட வேண்டாமா? நீலப் பந்து ஒன்று வாங்கு.

இரவு ஓட்டத்தைப் பற்றிக் கவலையே படாதே. நாளெல்லாம் தேங்கிய உற்சாகம் அப்படிக் கொட்டும். மணி குளித்து முடித்ததும் ஓடுவான். துண்டிலிருந்து நழுவி, உடம்பை வில்லாக வளைத்து, காதுகள் பின்னால் பறக்க, கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றுவான். திருப்பத்தில் பின்னங்கால்கள் வழுக்கும். கடைசியில் எங்கள் நடுவில் தொப்பென்று விழுந்து, நாக்கைத் தொங்கவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பான். சிரிப்பு என்றே சொல்வேன். வழுக்கும் தரையில் மட்டும் ஏதாவது விரித்து வை, வளரும் மூட்டுகள்.

எங்கள் பூனை பொட்டு இன்னொரு ரகம். மேசை விளிம்பில் பேனாவை வைத்தால், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு காலால் நகர்த்துவாள். நிறுத்துவாள். மறுபடி ஒரு தள்ளு. விழுந்ததும் குனிந்து, உருளும் திசையைப் பார்ப்பாள். அசைவதெல்லாம் இரையாக இருக்கலாம் என்பது அவள் உடம்பில் எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடி வருகிறேன். அவளுக்கு வேறென்ன வேண்டும்? புதிதாக வாங்கிக் கொடுத்த படுக்கையை விட்டு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள் குடியேறியதும் இவள்தான். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளைக் கவனித்து 2014ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் பதற்றம் குறைந்து விரைவில் இடத்துக்குப் பழகிவிட்டன. அதிலிருந்து நான் பொட்டுவின் பெட்டியைத் தூக்கி எறிவதில்லை.

நோட்டுப் புத்தகத்தின்மேல் பூனை ஏன் வந்து உட்காருகிறது என்று உன் மகள் கேட்டாள் அல்லவா? நம் கண் அங்கே இருப்பதால்தான் என்பது என் அனுபவம். அவளுக்கு இந்தக் கதையைச் சொல். ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு கட்டுரையைத் தனியாக எழுதினார். ஆனால் முழுக்க "நாங்கள்" என்று தட்டச்சு செய்திருந்தார். ஆசிரியர் ஒருவரே என்றால் "நாங்கள்" என்று எழுதுவதை அந்த ஆய்விதழ் ஏற்காது என்று நண்பர் சொல்ல, முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறதே என்று, தம் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கிவிட்டார். 1975இல் கட்டுரை வெளிவந்தது. பிறகு நண்பர்களுக்கு அனுப்பிய சில படிகளில் கையெழுத்துக்குப் பதில் பூனையின் பாதத் தடம்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. நூல், ரிப்பன், ரப்பர் பேண்ட் எதையும் விளையாடக் கொடுக்காதே. பூனை நூலை விழுங்கினால் குடல் சுருங்கிக் கிழியும் அபாயம் உண்டு. வாயில் நூல் தொங்கினால் நீயாக இழுக்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போ. லேசர் ஒளியைச் சுவரில் ஓட்டுவதும் வேண்டாம். எவ்வளவு ஓடினாலும் பிடிக்க முடியாத ஒன்றை ஏன் துரத்த வைக்க வேண்டும்?

இன்னும் ஒன்று. இன்று மாலை உன் குட்டி முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டும். கட்டாயம் செய்யும். மார்க் பெக்காஃப் என்ற விலங்கியலாளர் நாய், ஓநாய், கொயோட்டி என்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு ஆகியவற்றின் குட்டிகள் விளையாடுவதைக் கவனித்து 1995இல் எழுதினார். சண்டையென்று தவறாக நினைக்க இடமுள்ள கடிக்குச் சற்று முன்போ பின்போ இந்தக் குனிவு வருவதை அவர் கண்டார். வாக்கியத்தில் நிறுத்தற்குறி இடுவதுபோல, "இப்போது கடிக்கப்போவது விளையாட்டுக்கு" என்று சொல்லிவிட்டுக் கடிக்கிறது. உன் கால்சட்டையை இழுப்பதற்கு முன் அது எத்தனை முறை இப்படிக் குனிந்து உன்னிடம் அனுமதி கேட்டிருக்கும்! செய்தித்தாளை வைத்துவிட்டுத் தரையில் உட்கார். நீயும் இரண்டு கைகளைத் தரையில் ஊன்றிக் குனி. பத்து நிமிடம் போதும்.

மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. செருப்புகளை வாசலில் அப்படியே விடுகிறேன்; அவற்றின்மேல் தலையை வைத்துத் தூங்குகிறானே தவிர, கடிப்பதில்லை. நேற்று மாலை பொட்டு அவன் வாலைத் தட்டிவிட்டு ஓடினாள். அவன் எழுந்து முன்னங்கால்களை நீட்டினான். மார்பு பாதி வரைதான் தாழ்ந்தது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பொட்டு ஓடியவள் நாற்காலிக்கு அடியில் நின்று, அவன் நடந்து வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்தாள்.

குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
அக்கா