மால்குடிக்கு ஒரு தமிழ் சப்டைட்டில்

தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி நிர்வாகிகளுக்கு வணக்கம்.

'தானா னா தன தன னா னா'. 'மால்குடி டேஸ்' தொடருக்கு எல். வைத்தியநாதன் போட்ட இந்த மெட்டு டிவியில் கேட்டதும், விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் வருவதற்குள் முன்வரிசையில் இடம் பிடித்தாக வேண்டும். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. அந்த வீட்டு அக்கா இந்திப் பரீட்சையில் பிராத்மிக் தேறியிருந்தார். அவர்தான் எங்களுக்கு வசனம் சொல்லுவார், பாதி சரியாக, பாதி சொந்தமாக.

சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' அப்படித்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. சென்னையில் பிறந்து, பாட்டி வளர்த்து, மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், தான் கற்பனையில் கட்டிய மால்குடி என்ற ஊரின் பையன் சுவாமிநாதனை 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவலில் 1935இல் ஆங்கிலத்தில் பேசவைத்தார். சங்கர் நாக் அவனைக் கர்நாடகத்தின் ஆகும்பேக்குக் கூட்டிப்போய் இந்தி பேசவைத்தார். வீட்டுக்குள் தமிழ் பேசியிருக்க வேண்டிய பையனின் பேச்சை நாங்கள் அக்கா வாயால்தான் கேட்டோம்.

ஆனாலும் அவன் அந்நியமாகவே தெரியவில்லை. பிற்பாடு நாவலைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. கோடை விடுமுறையில் அப்பா கணக்குப் போடச் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மாம்பழத்துக்குப் பதினைந்து அணா. நாலு பழம் வாங்குகிற கிருஷ்ணன் எவ்வளவு தர வேண்டும்? விடை ஆறு அணா, அவ்வளவுதான். சுவாமிக்கோ பழம் பழுத்ததா, காயா என்று தெரியாமல் கணக்கே ஓடவில்லை. அதை அப்பாவிடமே கேட்டும்விடுகிறான். இதில் கதை நகர்வதே இல்லை. விறுவிறுப்பு வேண்டும் என்கிற எவரும் முதலில் வெட்டித் தள்ளுகிற இடம் இது. சங்கர் நாக் இதற்கெல்லாம் நேரம் கொடுத்தார். அப்பாவாக நடித்த கிரீஷ் கர்னாட்டின் முகத்தில் கோபமும் அடக்கிய சிரிப்பும் மாறிமாறி வரும். சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத் நிஜமாகவே மாம்பழத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பான்.

எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே என்று சொல்லமாட்டேன். ஆகும்பே மழைக்காடு, நான் படித்த மால்குடியிலோ வெயில் கொளுத்தும். அதை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. தன் நாவலை வைத்து எடுத்த 'கைடு' படம் மால்குடியை விட்டு ராஜஸ்தானுக்குப் போனதைக் கிண்டலடித்து நாராயண் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அங்கே ஊரோடு கதையின் அளவும் பெருத்துவிட்டது. ஆகும்பேயில் ஊர் மாறினாலும் அளவு மாறவில்லை. திண்ணை, தெரு, பள்ளிக்கூடம், ஒரு சின்ன ரயில் நிலையம், போதும். படப்பிடிப்பு நடந்த அரசாளு நிலையத்தில் இன்று ரயில்வேயே மால்குடி அருங்காட்சியகம் வைத்திருக்கிறது.

இனி என் கோரிக்கை. இணையத்தில் கைமாறிக்கொண்டிருக்கும் பிரதிகள் பல மங்கிப்போய், ஒலி கரகரக்கின்றன. மூலப்பிரதி யாரிடம் இருந்தாலும், உரிமை யாருடையதாக இருந்தாலும், ஒளிபரப்பிய நீங்கள் முன்னின்று அதைச் சுத்தம் செய்து வெளியிட வேண்டும். தமிழ் சப்டைட்டிலும் போடுங்கள். டப்பிங் வேண்டாம், மஞ்சுநாத்தின் குரல் அப்படியே இருக்கட்டும். சப்டைட்டிலில் பாட்டி 'பாட்டி'யாக இருக்கட்டும், 'மூதாட்டி' ஆகிவிட வேண்டாம். சுவாமியின் நண்பன் மணி கட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரும்போது 'உன்னை எச்சரிக்கிறேன்' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அப்புறம், இன்றைய வேகத்துக்கு ஏற்ப என்று சொல்லி யாராவது கத்தரியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

மொழிபெயர்க்கப் போகிறவருக்கும் ஒரு வார்த்தை. சுவாமியின் இன்னொரு நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகிறான். அவனிடம் கொடுக்கப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவாமி ஸ்டேஷனில் ஓடுகிறான், ரயில் நகர்ந்துவிடுகிறது. எங்கள் அக்கா அந்த இடத்தில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். நாங்களும் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
எதிர்வீட்டில் டிவி பார்த்து வளர்ந்த ஒருவன்