ஒரு மனுதாரருக்கு ஒரு டெஸ்க்டாப்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம் என்று எங்கு போனாலும் கணினியின் டாஸ்க்பாரில் பதினைந்து இருபது விண்டோக்கள் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. வருமானச் சான்றிதழுக்கு வந்தவரின் ஆதார் நகல் அடுத்தவர் விண்ணப்பத்தில் ஏறிவிடுவது இந்த நெரிசலில்தான். ஊழியரைத் திட்டிப் பயனில்லை. திரையை ஒழுங்காக வைத்துக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

2015-இல் வந்த விண்டோஸ் 10 முதலே, ஒரே கணினியில் பல டெஸ்க்டாப்களை, அதாவது தனித்தனி வேலைத் திரைகளை, வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ், கன்ட்ரோல், டி (D) விசைகள் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெற்று டெஸ்க்டாப் ஒன்று வரும். டி-க்குப் பதில் இட, வல அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். ஒரு மனுதாரரின் படிவம், ஸ்கேன் ஃபோல்டர், பிடிஎஃப் எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் முதலில் விண்டோக்களை மூடுங்கள். டெஸ்க்டாப்பை மட்டும் மூடினால் அவை பக்கத்து டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். பழைய குழப்பமே திரும்பும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பைப் பிரித்தால் லாகின் பிரியாது. ஒரே குரோமில், ஒரே இணையதளத்தில் இரண்டாமவர் கணக்கைத் திறந்தால் முதலாமவரின் லாகின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அவருடைய படிவம் திரையில் அப்படியே நிற்கும். அதில் சமர்ப்பி பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி வரலாம், அல்லது இரண்டாமவர் கணக்கில் பதிவாகிவிடலாம். இன்காக்னிட்டோ (பார்த்த பக்கங்களின் வரலாற்றைச் சேமிக்காத) விண்டோக்கள் இரண்டு திறந்தாலும் இதே கதைதான். அவை தங்களுக்குள் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்கின்றன. குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் (லாகின்கள் கலக்காத தனிப் பயனர் பகுதி) போடுங்கள், அல்லது ஒருவருக்குக் குரோம், மற்றவருக்கு எட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய, விண்டோஸ் பொத்தானுடன் இட அம்புக்குறியை அழுத்தினால் விண்டோ பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும். மறுபாதியில் மற்ற விண்டோவை வைக்கலாம். 1366 பிக்சல் அகலத் திரையில் பாதி என்பது 683 பிக்சல்தான். அதில் பல படிவங்களின் வலப்பக்கக் கட்டங்கள் மறைந்துவிடும். கன்ட்ரோலுடன் கழித்தல் குறியைத் தட்டி 75 அல்லது 67 சதவீதமாகச் சுருக்கலாம். நடுக்கோட்டை இழுத்துப் படிவத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கொடுப்பது கண்ணுக்கு நல்லது.

இரண்டாவது மானிட்டரைக் கழற்றியபின் ஒரு விண்டோ திரைக்கு வெளியே சிக்கிக்கொண்டால், ஆல்ட் டேப் மூலம் அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆல்ட் ஸ்பேஸ், அடுத்து எம், பிறகு ஒரு அம்புக்குறி. மவுஸை அசைத்தால் விண்டோ கூடவே வரும்.

டெஸ்க்டாப் கூடுவதால் நினைவகச் சுமை குறையாது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் தேவையற்ற பிரவுசர் டேப்களை மூடியே ஆகவேண்டும்.

சி.ஓ.ஏ. எனும் அரசின் அலுவலகக் கணினிச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயார்செய்யும் பயிற்சி மையங்கள் வேர்டு, எக்செல்லுடன் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இ-சேவை மையங்களில் இந்த விசைகளை அச்சிட்டு ஒவ்வொரு மானிட்டரின் ஓரத்திலும் ஒட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்,
திருவல்லிக்கேணி, சென்னை-5