எதிர்த்துப் பேச ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திகில் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பேய்க் கதையில் சாவையும் சாமியையும் பற்றி நீள நீளமாக வசனம் எதற்கு என்று கேட்டிருந்தது. அதில் குறை சொல்லப்பட்ட ‘மிட்நைட் மாஸ்’ தொடரையே (2021) எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க இயக்குநர் மைக் ஃபிளானகனின் அந்த ஏழு பாகத் தொடரில், நான்காம் பாகத்தில் ரைலியும் எரினும் சோபாவில் உட்கார்ந்து ‘செத்தால் என்ன ஆகும்?’ என்று பேசுகிறார்கள். கடவுளை விட்டுவிட்ட ரைலி, மூளை அணைவது, கடைசிக் கனவு, உடலைத் தின்னும் நுண்ணுயிர்கள் என்று உடம்பை வைத்தே பேசுகிறான். எரின் பேசுவது பிறக்காமலே போன தன் குழந்தையைப் பற்றி. பறிகொடுத்தவள் பேசுவதால் சொர்க்கம் பற்றிய பேச்சு பிரசங்கமாகவில்லை. ஏழாம் பாகத்தில், சாகும் தறுவாயில், அதே கேள்விக்கு அவளுடைய பதிலே மாறிவிடுகிறது. ஐந்தாம் பாக முடிவில், வெயில் பட்டால் எரிந்துபோகும் ரத்தக் காட்டேரியாகிவிட்ட ரைலி படகில் விடியல் வெயில் பட்டு எரிந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அந்தச் சாவு நடுவில் இல்லாவிட்டால் அணு, வெற்றிடம் என்று வரும் கடைசி வசனம் அறிவியல் பாடமாகியிருக்கும். தொடரில் வரும் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் ஒரே எழுத்தாளர் குரலில் பேசுவது அந்தத் தொடரின் நிஜமான குறை. அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

தருமபுரிப் பக்கம் கருமாதி இரவில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைத்தால் விடிய விடிய சாவுப் பேச்சுதான். இழவு வீட்டாரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். கர்ணன் அங்கே தனியாகப் புலம்புவதில்லை. மனைவி பொன்னுருவி மறிக்கிறாள், தர்க்கம் நடக்கிறது. விருத்தத்தின் கடைசி அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போது கேட்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. ரொம்பக் கனத்தால் கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே விழுந்து சிரிக்கவைப்பான்.

நம் சின்னத்திரையில் கோட்டை விடுவது இங்கேதான். சாமியார் பேசுவார், மறுத்துக் கேட்க ஆளிருக்காது. வரிக்கு வரி மூன்று முகங்களுக்கு ஜூம், அடியில் உறுமி, பாதியில் விளம்பரம். நான்கு நிமிட வசனம் என்றால் முதல் ஒரு நிமிடமாவது இசையை நிறுத்துங்கள். கேட்பவர் முகத்தை, அவர் மனம் அசையும் வரியில் மட்டும் காட்டுங்கள். ‘ஆன்மா’ என்று தொடங்குமுன் செத்தவர் பெயர் ஒருமுறையாவது வரட்டும். விளம்பரத்தை வசனத்துக்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள். நீளத்தில் கை வைப்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

— ஒரு வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்