எல்லை வேறு, முகடு வேறு

ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர் இணைப்பில் வந்த பைரனீஸ் மலைத்தொடர் கட்டுரையில், பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லை முகட்டின் மேலேயே போவதாக எழுதியிருந்தது. சுமார் 430 கி.மீ. நீளத்தில் பெரும்பகுதிக்கு அது சரிதான், முழுவதற்கும் அல்ல. (வரைபடத்தில் இரு நாடுகளுக்கும் நடுவே உள்ள குட்டி நாடான அண்டோராவையே காணோம்.)

அரான் பள்ளத்தாக்கு முகட்டுக்கு வடக்கே இருந்தும் ஸ்பெயினைச் சேர்ந்தது. கரோன் ஆறு அங்கே பிறந்து, பிரான்ஸுக்குள் இறங்கி, அட்லாண்டிக்கில் கலக்கிறது. மிக உயர்ந்த சிகரமான அனெட்டோ (3,404 மீ.) எல்லையில் இல்லை, தெற்கே தள்ளி ஸ்பெயினுக்குள் நிற்கிறது. அதன் பனி உருகிய நீர் தெற்கே எசெரா ஆற்றுக்குத்தான் போகும் என்று பார்த்தால் தோன்றும். ஆனால் வழியில் ஒரு சுண்ணாம்புப் பாறைக் குழியில் விழுந்து மறைந்துவிடுகிறது. 1931இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் நோர்பர் காஸ்தெரே அந்தக் குழியில் 60 கிலோ ஃப்ளூரசீன் சாயத்தைக் கொட்டினார். மலைக்கு அந்தப்புறம், அரானில், ஊற்று பச்சையாகப் பொங்கியது. நிலப்படத்தின் உயரக்கோடுகளை மட்டும் நம்பி நீர் பிரியும் கோட்டை வரைந்தால், சுண்ணாம்பு மலையில் இப்படித்தான் ஏமாறுவோம்.

மாணவர்களுக்கு நம் பக்கத்து உதாரணமே போதும். மறையூர் கேரளம், அங்கே ஓடும் பாம்பாறு கிழக்கே திரும்பி அமராவதி அணைக்கு வருகிறது. பவானியோ நீலகிரியில் புறப்பட்டு, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து, மறுபடி தமிழ்நாட்டுக்கே வருகிறது.

அடுத்த முறை படத்தில் ஆறுகளை நீலத்திலும், எல்லையைச் சிவப்பிலும், முகட்டைப் பழுப்பிலும் தனித்தனியே அச்சிடுங்கள்.

வாசகர்கள்,
மறையூர், இடுக்கி மாவட்டம்